தாடை எலும்பின் அரிய புற்றுநோய்கள்: கண்டறிதலும் சிகிச்சையும்

நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் பரவலாகக் காணப்படும் நோய்களுள் ஒன்றாகும். அதில் பெரும்பகுதி கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகியவற்றின் மேற்பரப்பில் புண்ணாகத் தோன்றி, பின்னரே தாடை எலும்பை அரிக்கிறது. இதற்கு மாறாக, தாடை எலும்பின் உள்ளேயே தோன்றும் புற்றுநோய்களும் உண்டு. இவை அரியவை. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரு சிலரையே இந்நோயுடன் காண நேரிடலாம்.

இந்நோயின் தொடக்க அறிகுறிகள் அரியவை அல்ல. ஆடும் பல், ஈறு வீக்கம், மந்தமான பல்வலி என அன்றாடப் பல்நோய்களைப் போலவே அவை தோன்றுகின்றன. அதனால் நோயாளி பல மாதங்கள் மாத்திரைகளிலும் பல் பிடுங்குவதிலும் காலத்தைக் கழித்த பின்னரே உரிய இடத்தை வந்தடைகிறார். இந்தத் தாமதத்தைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்யலாம் என்பதைப் புதுக்கோட்டை மாவட்ட மக்களை மனத்தில் கொண்டு இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• காரணமின்றி ஆடும் பல்லைப் பிடுங்குவதற்கு முன் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.
• தாடைக் கட்டியை அகற்றும் அறுவைக்கு முன் திசுப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும்.
• கீழுதடு அல்லது மோவாயில் புதிதாக ஏற்படும் மரத்துப்போன உணர்வைப் புறக்கணிக்கக் கூடாது.
• முதல் சிகிச்சையே முறையான சிகிச்சையாக அமைந்தால் குணமடையும் வாய்ப்பு கூடுகிறது.

எவ்வகைப் புற்றுநோய்கள்?

தாடையில் எலும்பு, குருத்தெலும்பு, எலும்பு மஜ்ஜை, பல் உருவாகும் திசுக்களின் எச்சங்கள் எனப் பலவகைத் திசுக்கள் உள்ளன. எந்தத் திசுவில் நோய் தோன்றுகிறது என்பதைப் பொறுத்து அதன் பெயரும் சிகிச்சையும் மாறுகின்றன.

ஆஸ்டியோசார்கோமா: எலும்பை உருவாக்கும் செல்களில் தோன்றுவது. இந்நோய் பெரும்பாலும் வளரிளம் பருவத்தினரின் முழங்காலை ஒட்டிய நீண்ட எலும்புகளில் வருவது. தாடையில் வருபவை மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. தாடையில் வரும்போது நோயாளியின் வயது பொதுவாக 30-க்கும் 40-க்கும் இடைப்பட்டதாக உள்ளது. கை கால் எலும்புகளில் வருவதைக் காட்டிலும் இது நுரையீரலுக்குப் பரவுவது குறைவு. ஆனால் முழுமையாக அகற்றப்படாவிடில் அதே இடத்தில் மீண்டும் வளரும்.

காண்ட்ரோசார்கோமா: குருத்தெலும்புத் தன்மையுடைய புற்றுநோய். மெதுவாக வளரக்கூடியது. அறுவையே முதன்மைச் சிகிச்சை.

யூவிங் சார்கோமா: பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் காணப்படுவது. வீக்கத்துடன் காய்ச்சலும் இருக்கலாம் என்பதால் சீழ்க்கட்டி எனத் தவறாகக் கருதப்படக்கூடும்.

பர்கிட் லிம்போமா: 1958-இல் உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடைகளில் கண்டு விவரித்த நிணநீர்ப் புற்றுநோய். ஓரிரு நாள்களிலேயே கண்கூடாகப் பெரிதாகக்கூடியது. எனினும் மருந்துக்கு நன்கு கட்டுப்படுவது. குழந்தையின் தாடை விரைந்து வீங்கினால் அதை அவசரநிலையாகவே கருத வேண்டும்.

பல் திசுப் புற்றுநோய்கள்: அமெலோபிளாஸ்டிக் கார்சினோமா, எலும்பினுள் தோன்றும் செதிள் செல் புற்றுநோய் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. பின்னது சில வேளைகளில் நெடுநாளாக இருந்த தாடை நீர்க்கட்டியின் சுவரிலிருந்து தோன்றுகிறது. எனவே நீர்க்கட்டி என்று கூறி அகற்றப்படும் எத்திசுவும் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும்.

பிற இடங்களிலிருந்து பரவுபவை: மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, புராஸ்டேட் ஆகிய உறுப்புகளின் புற்றுநோய் தாடைக்குப் பரவலாம். மல்டிபிள் மைலோமா எனும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் தாடையில் வெளிப்படலாம். முன்னரே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அதனைப் பல் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

அமெலோபிளாஸ்டோமா என்னும் பெயர் உங்கள் அறிக்கையில் இருந்தால் அஞ்ச வேண்டாம். அது புற்றுநோய் அன்று. ஆயினும் எலும்பை அரித்து வளரக்கூடியது. வெறுமனே சுரண்டி எடுத்தால் பல ஆண்டுகள் கழித்தும் மீண்டும் வரும். ஆகவே சுற்றியுள்ள எலும்பின் ஒரு பகுதியோடு சேர்த்தே அதனை அகற்றுவர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் எதுவும் இரண்டு முதல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

• ஈறு நோயோ அடிபட்ட வரலாறோ இன்றி, ஒரே பகுதியில் ஒன்று அல்லது பல பற்கள் ஆடுதல், இடம் மாறுதல்.
• தாடையில் கடினமான வீக்கம். வலி இல்லாவிட்டாலும் கூட.
• பல் பிடுங்கிய குழி ஆறாதிருத்தல் அல்லது அதிலிருந்து சதை வளர்தல்.
• கீழுதடு, மோவாய், கன்னம் ஆகியவற்றில் மரத்துப்போன உணர்வு.
• ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு, கண் முன்தள்ளுதல், இரட்டைப் பார்வை. இவை மேல்தாடை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.
• முன்பு சரியாகப் பொருந்திய பல்செட் பொருந்தாமல் போதல்.
• வாய் திறக்கும் அளவு குறைதல். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைக்க இயலுகிறதா எனப் பார்க்கவும்.

இவற்றுள் மரத்துப்போதல் தனிக் கவனத்திற்குரியது. கீழ்த்தாடை எலும்பினுள் ஓடும் நரம்பே கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்வளிக்கிறது. எலும்பினுள் வளரும் கட்டி அந்நரம்பை அழுத்தும்போது, வீக்கம் வெளியே தெரியும் முன்பே உதடு மரத்துப்போகலாம். சாதாரணச் சொத்தைப் பல் இவ்வாறு செய்வது அரிது.

இந்த அறிகுறிகள் உடைய பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, ஈறு நோய் முதலியவையே காரணமாக இருக்கும். எலும்பு வலிமைக்கான சில ஊசி மருந்துகளைப் பெறுபவர்களுக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து இதே போன்ற தோற்றத்தைத் தரலாம். எது என்பதைப் பரிசோதனையே தீர்மானிக்கும்.

பல் பிடுங்கும் முன்

ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கட்டி அரித்ததால் பல் ஆடுகிறது என்றால், பல்லைப் பிடுங்குவது நோயைத் தீர்க்காது. பிடுங்கிய குழி ஆறாமல், அதன் வழியே கட்டி வாய்க்குள் வளர இடமுண்டு. குழியிலிருந்து வரும் சதையைப் புண் என்று எண்ணி மேலும் சில வாரங்கள் மருந்திடுவதும் நிகழ்கிறது.

எனவே பல் மருத்துவரிடம், “இந்தப் பல் ஏன் ஆடுகிறது? படம் எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். பல்லின் சிறு எக்ஸ்-ரே படத்திலேயே, வேருக்கும் எலும்புக்கும் இடையிலான மெல்லிய இடைவெளி சீராக அகன்றிருப்பது ஆஸ்டியோசார்கோமாவின் தொடக்க அடையாளமாகத் தெரியக்கூடும். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி படம் எலும்பு அரிப்பின் பரப்பைக் காட்டும்.

வீக்கத்தின் மேல் பச்சிலைப் பற்றுப் போடுதல், சூடு வைத்தல், அழுத்தித் தேய்த்தல், ஊசியால் குத்தி வடித்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

எங்கு செல்வது?

முதற்கட்டமாக அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவை அணுகலாம். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2023-இல் திறக்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. தாடை நோய்களுக்குரிய வாய் மற்றும் முகச்சீரமைப்பு அறுவை சிகிச்சை பல் மருத்துவத்தின் ஒரு தனிப்பிரிவு. ஆகவே தாடை வீக்கம் உடையவர் நேரடியாகப் பல் மருத்துவக் கல்லூரிக்கே செல்லலாம்.

நோய் உறுதியானால், அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்று துறைகளும் இணைந்து முடிவெடுக்கும் இடத்திற்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் ஏறத்தாழ 55 முதல் 60 கி.மீ. தொலைவில் உள்ளன. கீரனூர், விராலிமலை பகுதியினருக்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும், கந்தர்வகோட்டை, கறம்பக்குடி பகுதியினருக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பயணத்திற்கு எளிது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவையும் உள்ளன.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கும் இம்மாவட்டத்திற்கும் ஓர் உறவு உண்டு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய நெடுநாள் முயற்சியால் அந்நிலையம் 1954-இல் தொடங்கப்பட்டது. தாடை எலும்பின் அரிய புற்றுநோய்களுக்கு இத்தகைய சிறப்பு நிலையத்தின் கருத்தைப் பெறுவது நன்று. இரண்டாம் கருத்துக் கேட்பதை உங்கள் மருத்துவர் அவமதிப்பாகக் கருதமாட்டார்.

செல்லும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: எல்லா எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களும் அவற்றின் குறுந்தகடுகளும், திசுப் பரிசோதனை அறிக்கை, பரிசோதனைக்கூடத்திலிருந்து பெற்ற மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை.

பரிசோதனைகள்

சி.டி. ஸ்கேன் எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மஜ்ஜை, தசை, நரம்பு ஆகியவற்றில் நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் காட்டும். ஆஸ்டியோசார்கோமா முதலியவற்றில் நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என அறிய மார்பு சி.டி. ஸ்கேனும் தேவை. சிலருக்குப் பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படும்.

இவை அனைத்தும் ஐயத்தை எழுப்பலாம். உறுதி செய்வது பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனையே. கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். பின்னர் செய்யப்போகும் அறுவையில் அந்த இடமும் சேர்த்து அகற்றப்பட வேண்டும் என்பதால், பயாப்சி எங்கிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பதை அறுவை செய்யும் குழுவே முடிவு செய்வது சிறந்தது.

முடிவு வரச் சற்றுக் காலமாகலாம். எலும்புத் திசுவிலுள்ள சுண்ணாம்பை நீக்கிய பின்னரே அதை மெல்லிய சீவல்களாக வெட்ட இயலும். நோயின் வகையை உறுதி செய்யச் சிறப்புச் சாயப் பரிசோதனைகளும் தேவைப்படலாம். எலும்பு நோய்களைப் பொறுத்தவரை, திசுவை மட்டும் பார்த்து நோயைக் கூற இயலாத நிலையும் உண்டு. அதனால் நோய்க்குறியியல் மருத்துவரிடம் ஸ்கேன் படங்களும் சென்று சேர வேண்டும். முதல் அறிக்கையில் “உறுதியாகக் கூற இயலவில்லை” என்று வந்தால், நோய் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்; மீண்டும் திசு எடுக்க நேரிடலாம்.

சிகிச்சை முறைகள்

அறுவை சிகிச்சை: ஆஸ்டியோசார்கோமா, காண்ட்ரோசார்கோமா, பல் திசுப் புற்றுநோய்கள் ஆகியவற்றில் அறுவையே அடிப்படை. கட்டியை மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்துள்ள நலமான திசுவையும் ஓர் எல்லை வரை அகற்றுவர். அகற்றிய பகுதியின் விளிம்பில் புற்றுச் செல்கள் இல்லை என்று அறிக்கை வருவதே குணத்திற்கான மிக முக்கிய அடையாளம். முறையற்ற சிறு அறுவை ஒன்று முன்பே நடந்திருந்தால் கட்டியின் எல்லையைக் கண்டறிவது கடினமாகிவிடும். முதல் சிகிச்சையே முறையாக அமைய வேண்டும் என்று வலியுறுத்துவது இதனாலேயே. மேல்தாடையில் கண்ணும் மூளையின் அடித்தளமும் அருகில் இருப்பதால் இவ்வாறு எல்லை விட்டு அகற்றுவது மேலும் கடினம்.

தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுத்தால் முகம் எப்படி இருக்கும், எப்படி உண்பது என்பதே பலரின் முதல் அச்சம். கீழ்த்தாடையின் இழந்த பகுதிக்குப் பதிலாகக் காலின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய பிபுலா எலும்பை இரத்தக் குழாய்களுடன் எடுத்துப் பொருத்த இயலும். உடலின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அதன் அருகிலுள்ள மற்றோர் எலும்பு என்பதால், பெரும்பாலானோர் மீண்டும் இயல்பாக நடக்கின்றனர். சிலருக்கு டைட்டானியம் தகடு பொருத்தப்படும். மேல்தாடையில் ஏற்படும் திறப்பை மூட, பல்செட் போன்ற செயற்கை அடைப்பான் செய்து தரப்படும். அதனால் உணவு மூக்கில் ஏறாது, பேச்சும் தெளிவாகும்.

மருந்து சிகிச்சை: யூவிங் சார்கோமாவிற்குக் கீமோதெரபி முதலில் தொடங்கப்பட்டு, பின்னர் அறுவையோ கதிர்வீச்சோ அளிக்கப்பட்டு, மீண்டும் கீமோதெரபி தொடரும். பர்கிட் லிம்போமாவிற்குக் கீமோதெரபியே சிகிச்சை. தாடையை அகற்றும் அறுவை தேவையில்லை. ஒரே இடத்தில், ஒரே போன்ற வீக்கம். ஆயினும் ஒன்றுக்கு அறுவை, மற்றொன்றுக்கு மருந்து. திசுப் பரிசோதனைக்கு முன் அறுவை செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தாடை ஆஸ்டியோசார்கோமாவில் கீமோதெரபி தேவையா என்பதை நோயாளியின் வயது, கட்டியின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு குழு முடிவு செய்யும். கீமோதெரபி பிள்ளைப்பேற்றுத் திறனைப் பாதிக்கக்கூடும் என்பதால், இளம் வயதினர் விந்து அல்லது கருமுட்டைச் சேமிப்பைப் பற்றிச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டறியவும்.

கதிர்வீச்சு சிகிச்சை: விளிம்பில் நோய் எஞ்சியிருந்தாலோ, கட்டி மிகப் பெரியதாக இருந்தாலோ, அறுவைக்குப் பின் அளிக்கப்படலாம். பொதுவாக வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நடைபெறும். இடையில் நிறுத்தினால் பயன் குறையும். எனவே தங்குமிடம், பயணம், உடனிருப்பவர் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடவும்.

கதிர்வீச்சுக்கு முன் பற்களைச் சரிசெய்து கொள்வது கட்டாயம். காப்பாற்ற இயலாத பற்களைக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் அகற்றிக் குழி ஆற விட வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழிந்துபோகும் அபாயம் வாழ்நாள் முழுவதும் உண்டு. பத்தாண்டுகள் கழிந்திருந்தாலும், கதிர்வீச்சு பெற்றதைப் பல் மருத்துவரிடம் முதலில் கூறவும்.

பராமரிப்பவர்களுக்கு

உணவு: அறுவைக்குப் பின் சில நாள்கள் மூக்கு வழிக் குழாயில் நீர்ம உணவு தரப்படும். பின்னர்ச் சத்துமாவுக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், கடைந்த பருப்பு, குழைந்த சோறு, பால், தயிர், முட்டை எனச் சிறிது சிறிதாக, பல வேளைகளில் தரவும். காரம், புளிப்பு, சூடு குறைவாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வைக்கவும்.

வாய்த் தூய்மை: உப்பும் சோடா உப்பும் சிறிதளவு கலந்த வெதுவெதுப்பான நீரால் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் கொப்பளிக்கச் செய்யவும்.

வாய்ப் பயிற்சி: மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து வாய் திறக்கும் பயிற்சியை அன்றாடம் செய்ய வைக்கவும். விட்டுவிட்டால் தாடை இறுகிப்போகும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்: கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், நிற்காத இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், எதையும் விழுங்க இயலாமை. 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

வலி: வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடும் வலிக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் மார்ஃபின் மாத்திரைகள் பாதுகாப்பானவை. நோய் முற்றிய நிலையிலும் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சை உண்டு. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இச்சேவை வீட்டிற்கே வருகிறது. உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிக்கவும்.

மனம்: முகம் மாறியது பற்றிய வருத்தம் இயல்பானது. கண்ணாடியை மறைப்பதையும், உறவினர்களைச் சந்திக்க விடாமல் ஒதுக்குவதையும் தவிர்க்கவும். நோயாளியிடம் உண்மையைக் கூறி, முடிவுகளில் அவரையும் சேர்த்துக்கொள்ளவும்.

சில தவறான நம்பிக்கைகள்

“பல் பிடுங்கியதால் புற்றுநோய் வந்தது.” அன்று. புற்றுநோய் முன்பே இருந்ததால்தான் பல் ஆடியது.

“கத்தி பட்டால் நோய் பரவும்.” முறையாகச் செய்யப்படும் திசுப் பரிசோதனையால் நோய் பரவும் என அஞ்சித் தள்ளிப்போடத் தேவையில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதாலேயே நோய் வளர்கிறது.

“புகையிலை போடாதவருக்கு இது வராது.” வாயின் மேற்பரப்பில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகையிலை முதன்மைக் காரணம். எலும்பின் உள்ளே தோன்றுபவற்றிற்குப் பெரும்பாலும் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. நோயாளி செய்த தவறால் வந்ததென்று பழி கூறுவது முறையன்று. எனினும் புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றைக் கைவிட்டால் அறுவைப் புண் நன்கு ஆறும்.

“தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.” புற்றுநோய் தொற்றுநோய் அன்று.

செலவும் காப்பீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெற வழியுண்டு. புற்றுநோய்க்கான அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அட்டை இல்லாதவர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகவும். கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993. திசுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களிலேயே அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டால் சிகிச்சை தொடங்கத் தாமதமாகாது. சிகிச்சைக்காகத் தொடர்வண்டியில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றை மருத்துவமனையில் பெறவும்.

தொடர் கண்காணிப்பு

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆகையால் அக்காலத்தில் இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் பரிசோதனைக்குச் செல்லவும். சார்கோமா வகையினருக்கு மார்புப் படமும் எடுக்கப்படும். நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் வருகையைத் தவறவிட வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் நோயின் முழுப் பெயர் என்ன? திசுப் பரிசோதனையில் அது உறுதியாகிவிட்டதா?
• நோய் வேறு எங்கேனும் பரவியுள்ளதா?
• எந்தச் சிகிச்சை முதலில், எது பின்னர்? ஏன்?
• இவ்வகை நோய்க்கு இங்கேயே சிகிச்சை உண்டா, வேறிடம் செல்ல வேண்டுமா?
• அறுவைக்குப் பின் தாடை எவ்வாறு சீரமைக்கப்படும்? எப்போது உண்ணவும் பேசவும் இயலும்?
• அகற்றிய பகுதியின் விளிம்பில் நோய் இல்லையா?

விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும். அடுத்த மருத்துவமனைக்குச் செல்லும்போதும் அது பயன்படும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிவுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற முடிவை உங்கள் மருத்துவரே கூற இயலும். ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.